வசந்தாதேவி இருக்காத கதிரை

பெரியகல்லாற்றில் ஒரு முன்பள்ளி. அங்கே சனிக்கிழமைதோறும் பின்னேரம் நான்கு மணிக்கு நடக்கும் குழு உளவளத்துணை என்கிற கவுன்சிலிங் மட்டும் இல்லாமற் போயிருந்தால், இன்றைக்கு மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் கிடந்திராது, கசிப்பு என்கிற கள்ளச்சாராயந்தான் கிடந்திருக்கும். மீன்கள் வெறியில் கரையேறி வந்து வீடுவீடாகக் கதவு தட்டியிருக்கும். கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்க ஏலாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். சந்திரனுக்கு ஆள் அனுப்பினவர்கள்கூட இவ்வளவு பெரிய காரியம் செய்ததில்லை. அப்படியான உலக அழிவை ஒரு பிளாஸ்க்கையும் பத்துக் கோப்பைகளையும் வைத்துக்கொண்டு தன்னந்தனியாகத் தடுத்து நிறுத்தியவள் வசந்தாதேவி.

இனிச் சொல்லப்போவது உண்மை. அதனால் அவ்வளவு அழகாக இராது.

வசந்தாதேவிக்கு ஐம்பத்தெட்டு வயது. வாவியை இங்கே ஆறு என்பார்கள். அந்த ஆற்றங்கரையில், முன்பள்ளிக்கு அடுத்த வளவு அவளுடையது. அந்த வளவிலிருந்து பதினெட்டு வருசம் கசிப்பு விற்றாள். கடை என்று ஒன்றும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஆற்றுப் பக்க வேலியில் கிடுகை விலக்கி ஒரு ஓட்டை வைத்திருந்தாள், ஒரு கை நுழையுமளவுக்கு. வெளியிலிருந்து கை உள்ளே வரும். உள்ளேயிருந்து கிளாஸ் அந்தக் கைக்குப் போகும். பொலிஸ் வந்து விசாரித்தால், இந்தப் பக்கம் ஒருத்தருடைய முகத்தையும் தான் கண்டதில்லை என்று கோயில் பக்கம் திரும்பிச் சத்தியம் செய்வாள். அது பொய்ச் சத்தியமும் இல்லை. முகத்தைக் காணவில்லைத்தான்.

ஆனால் கைகளை அறிவாள். மீன் செதில் ஒட்டிய கை, பஸ் டிக்கட்டின் மை படிந்த கை, கிளாஸ் வருமுன்னமே நடுங்கத் தொடங்கும் கை, போன மாதம் கலியாண மோதிரம் இருந்து இந்த மாதம் இல்லாத கை. ஊர் ஆண்பிள்ளைகளின் கையை அவள் பார்த்த அளவுக்கு எந்தச் சாத்திரக்காரனும் பார்த்திருக்க மாட்டான். அவள் மட்டும் ஒரு மிடறு குடித்ததில்லை. காய்ச்சிய சரக்கை நாக்கில் ஒரு துளி வைத்துத் துப்புவாள். பிறகு போத்தலைக் குலுக்கி, நுரை முத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். அத்தோடு சரி.

வசந்தாதேவி திருந்தினாள் என்று ஊரில் மரியாதைக்குச் சொல்லிக்கொள்வார்கள். திருந்தவில்லை. ஒரு மார்கழி வெள்ளத்தில் கண்டல் பற்றைக்குள் ஒளித்து வைத்திருந்த கசிப்புப் பீப்பாய்கள், அந்தப் பரல்கள் ஐந்தும் கிளம்பி, பட்டப்பகலில், ஊரே கரையில் நின்று பார்க்க, ஊர்வலம் போனமாதிரி ஆற்றில் போயின. குடிகாரர் சிலர் கும்பிட்டார்களாம். திரும்பவும் தொடங்க அவளுக்கு இடுப்பில் பலமில்லை. முன்பள்ளியில் கூட்டித் துடைத்து, பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. எடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் ஹில்மி வந்து சேர்ந்தான். காத்தான்குடிப் பிள்ளை, உளவளத்துணை படித்தவன், பெயரை எழுதவே ஒரு முழு பனர் தேவைப்படும் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆள். புனர்வாழ்வு நிலையத்தில் மூன்று மாதம் இருந்து, நன்றாகக் கொழுத்து, தலைசீவி வீட்டுக்கு வருகிறவர்கள் நாலாம் மாதம் திரும்பவும் விழுந்துவிடுகிறார்களாம். ஆகவே அவர்களை ஊரிலேயே வட்டமாக இருத்திப் பேசவைக்க வேண்டுமாம். வட்டமாக இருந்து குடித்தவர்களுக்கு வட்டமாக இருப்பதே மருந்து என்பது அவன் படித்த படிப்பு. இதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள்.

முன்பள்ளிக் கதிரை நாலு வயதுப் பிள்ளைக்குச் செய்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொம்மைக் கதிரைகள். அதில் ஒன்பது வளர்ந்த ஆண்பிள்ளைகள் முழங்கால் காதைத் தொட இருந்து, தங்கள் வாழ்க்கை எப்படி நாசமாகப் போனது என்று சொல்வார்கள். விளையாட்டுச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை ஹில்மி எடுத்து ஒருவனுக்கு எறிவான். பந்து யாரிடமோ, அவனுக்குத்தான் வாய். சொல்லி முடித்தவன் அடுத்தவனுக்கு எறிய வேண்டும். வட்டத்துக்குள் கதிரையில் இருக்கிற எவரும் சொல்லாமல் எழும்பக்கூடாது. சொன்னது வெளியே போகவும் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை ஊரில் எல்லாரும் நன்றாக அறிவார்கள், ஏனென்றால் சொன்னவை எல்லாம் அன்றிரவே ஊருக்குள் வந்துவிடும்.

முதலிரண்டு சனிக்கிழமையும் ஹில்மிக்குச் சொர்க்கம். இராசதுரை என்ற கிழட்டு வலைகாரன் பந்தைப் பிடித்துக்கொண்டு, கடலில் போன தன் தம்பியின் நினைவு தாங்காமல்தான் குடிக்கத் தொடங்கியதாகச் சொன்னான். ஹில்மியின் கண் கலங்கிற்று. இன்னொருவன் காதலைச் சொன்னான். வேறொருவன் ஷெல்லடியைச் சொன்னான். சொல்லச் சொல்ல ஒருவனையொருவன் முந்துகிற துக்கம். ஹில்மி கொப்பி கொப்பியாக எழுதினான், பிஸ்கட் பைக்கட்டுகளை உடைத்து வைத்தான். இவ்வளவு துக்கப்பட்டவர்கள் பிஸ்கட்டை இப்படித் தின்பார்களா என்று ஒரு சந்தேகம்கூட அவனுக்கு வரவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை பந்து உதயரூபனிடம் போயிற்று. பஸ் கொண்டக்டர் வேலையைக் குடியால் தொலைத்தவர். தன் தாய் இறந்த துக்கத்தில்தான் முதன்முதல் கிளாஸைத் தொட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, வசந்தாதேவி தட்டத்தில் தேத்தண்ணியோடு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"பொய் சொல்லாத தம்பி," என்றாள். "உன்ட அம்மா செத்தது போன ஆனியில. அதுக்கு முன்னம் ஏழு வருசமா அந்த மனிசிதான் என்ட வேலியடிக்கு வந்து உன்ன இழுத்திட்டுப் போனது. மழையில ஒருக்கா வழுக்கி விழுந்ததும் அந்த மனிசிதான். நீ விழல்ல."

சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினாள். உதயரூபன் அதை வாங்கவில்லை. பந்தை மடியில் வைத்து உருட்டினார். பிறகு, ஓம், என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தாயின் பெயரைச் சாட்டாக அவர் எங்கேயும் சொன்னதில்லை. அந்தக் கிழமையிலிருந்து அவருடைய வீட்டில் இரவுச் சோற்றைச் சூட்டோடு சாப்பிட ஆள் இருந்தது.

மற்றவர்களுடைய துக்கங்கள் அதற்குப் பிறகு மளமளவென்று சாய்ந்தன. இராசதுரையின் தம்பி கடலில் போகவில்லை, கல்முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். காதல்காரனை எந்தப் பெட்டையும் ஏமாற்றியிருக்கவில்லை, ஏறெடுத்துப் பார்த்திருந்தால்தானே ஏமாற்றுவதற்கு. ஒருவன் சொல்லத் தொடங்கினாலே எட்டுத் தலையும் வசந்தாதேவியைத் திரும்பிப் பார்க்கும். அவள் புருவம் ஏறினால் சொல்கிறவன் தானாகவே திருத்திச் சொல்வான். கொஞ்ச நாளில் அவளையும் பார்க்கத் தேவையில்லாமற் போயிற்று. ஒரே ஓட்டைக்குள் கைவிட்டவர்கள், ஒருவனுக்கொருவன் சாட்சி. "டேய், அண்டைக்கு நானும் பக்கத்தில நிண்டனான்" என்று யாராவது ஒருவன் சொன்னால் முடிந்தது கதை. ஹில்மி இதைத்தான் குழுவின் ஆற்றல் என்று தன் மேலிடத்துக்கு எழுதினான். ஊர்ப் பாசையில் இதற்குக் காட்டிக்கொடுப்பு என்று பெயர். எப்படியோ, ஒன்பது பேரில் ஆறு பேர் குடிக்காமல் இருந்தார்கள்.

ஹில்மி அவளையும் வட்டத்துக்குள் ஒரு கதிரையில் இருக்கச் சொல்லிப் பார்த்தான். அவள் இருக்கவில்லை. இடுப்பு வருத்தம், இந்தப் பொம்மைக் கதிரையில் இருந்தால் எழும்ப ஒண்ணா என்றாள். தட்டத்தை வயிற்றோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். மற்றவர்களின் சாட்டுகளையெல்லாம் மோந்து பிடிக்கிறவளுக்குத் தன்னுடைய சாட்டு மணக்கவில்லை. கதிரையில் இருந்தால் பந்து வரும். பந்து வந்தால் சொல்ல வேண்டும்.

அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதன் பெயர் நிலோஜன்.

நிலோஜன் மேசன் வேலைக்காரன், இருபத்தேழு வயது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் கட்டினால் ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே குடிகாரனுக்குப் பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய்வீடு போவது என்ற சொகுசு இங்கே கிடையாது. அவனைத்தான் வெளியே போடுவார்கள். நிலோஜனின் பெண்சாதி தனுஷியா மண்டூர்க்காரி. ஒரு நாள் அவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து ஆற்றைக் கடக்கும் பாதையில், அதுதான் அந்தத் தட்டையான படகில், தன் கையாலேயே ஏற்றிவிட்டுப் போனாள். அவன் ஏறினானா என்று திரும்பியும் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் அவனுடைய தமக்கை, குசினிக்குப் பின்னால் விறகு வைக்கும் கொட்டிலில் படுக்க இடம் கொடுத்தாள்.

புனர்வாழ்வு நிலையத்துக்கும் போய்வந்து, வட்டத்திலும் அவன் சேர்ந்தபிறகு, தனுஷியா ஆள் விட்டுச் சொன்னாள். தொடர்ந்து பன்னிரண்டு சனிக்கிழமை சுத்தமாகக் கழியவேண்டும். பன்னிரண்டாவதுக்குத் தானே வந்து, பார்த்து, அதற்குப் பிறகு யோசிப்பாள். ஹில்மிக்கு வாயெல்லாம் பல். அந்தப் பன்னிரண்டாம் சனிக்கிழமையைக் குடும்ப தினம் என்று அறிவித்துப் பனரும் அடித்துவிட்டான்.

வசந்தாதேவி யாருக்கும் சொல்லாமல் சனிக்கிழமைகளை எண்ணினாள். முன்பள்ளிப் பிள்ளைகள் எண்ணிப் பழகும் மணிகளில் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவுக்குள் போட்டாள். பதினொன்று சேர்ந்தது. ஆறாவது மணியைப் போடுவதா வேண்டாமா என்று மட்டும் அவளுக்குள் சண்டை நடந்தது. அந்தக் கிழமை நிலோஜன் ஒரு கால் போத்தலைச் சீமெந்துப் பைக்குள் ஒளித்து வைத்தான், திறக்கவில்லை, அடுத்த சனிக்கிழமை தானாகவே கொண்டுவந்து வட்டத்தின் நடுவில் வைத்தான். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். ஒத்துக்கொள்ளுதல்தான் பாதி வெற்றி என்றான் ஹில்மி. மறுக்காதே, சாட்டுச் சொல்லாதே, ஓம் என்று சொல். வாரத்துக்கு வாரம் இதே பாடம். நிலோஜன் நல்ல மாணவன். அதுதான் வினையாயிற்று.

குடும்ப தினத்தன்று காலையில் நிலோஜன் முன்பள்ளித் தரையின் வெடிப்புகளைத் தானே பூசினான், கூலியில்லாமல். மத்தியானம் குளித்து வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தான். வசந்தாதேவியின் இடுப்பு நோவால் அவளுடைய குசினியிலிருந்து பிளாஸ்க்கையும் கோப்பைகளையும் தூக்கிவருவது உதயரூபனின் மகள் விதுசாவின் வேலை. ஓ.எல் பரீட்சையில் கணிதத்தோடு மூன்று தரம் மல்லுக்கட்டித் தோற்றவள், ஆகவே சனிக்கிழமைகளில் ஓய்வாக இருந்தாள். வாய்க்காரி. சீனிப் போத்தலில் உப்பைப் போடுவது, பனரில் ஹில்மியின் படத்துக்கு மீசை கீறுவது போன்ற சமூக சேவைகளும் அவளுடையவைதான். அவளும் அன்று வந்திருந்தாள்.

தனுஷியா நான்கு வயது மகளோடு வந்தாள். குழந்தை மட்டும்தான் அந்த மண்டபத்தில் கதிரைக்கு அளவான ஆள். நிலோஜனும் பெண்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஹில்மி தன்னுடைய வழக்கமான மஞ்சள் கதிரையை நிலோஜனுக்கு விட்டுவிட்டு வாசற்பக்கம் போனான். மஞ்சள் கதிரைக்குப் பின்னால்தான் விளையாட்டுச் சாமான் பெட்டி. ஹில்மி குழு உளவளத்துணையின் மகத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். பேச்சுக்குக் காதுகொடுக்கிற வயது குழந்தைக்கு இன்னும் வரவில்லை. அது நேரே பெட்டியிடம் போய்த் திறந்தது. பந்துக்கு மேலே ஒரு சாராயப் போத்தல் கிடந்தது, முக்கால்வாசி நிரம்பி, பொன் நிறத்தில்.

அந்தப் போத்தல் எப்படி அங்கே போனது என்று இப்போது ஆராய்வதில் ஒரு பயனும் இல்லை. போத்தல்களுக்குக் கால் கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

குழந்தை அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தது. "அப்பா, இது உங்கடயா?" என்று கேட்டது.

பன்னிரண்டு கிழமையாகச் சகோதரம், நம்பிக்கை, தோளோடு தோள் என்று பந்து எறிந்து விளையாடிய எட்டுப் பேரும் ஒரே மூச்சில் நிலோஜனைப் பார்த்தார்கள். காலையில் இங்கே தனியாக நின்று வேலை செய்தவன் அவன்தானே. இராசதுரை, தனக்கு முன்னமே சந்தேகம் என்று பக்கத்திலிருந்தவனின் காதுக்குள் சொன்னான், வாசல்வரை கேட்கும் சத்தத்தில். தனுஷியா குழந்தையின் செருப்பை எடுத்து அதன் காலில் மாட்டத் தொடங்கினாள்.

நிலோஜன் எழும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. தன்னைத்தானே தேடிப் பார்க்கிறவன் முகம்மாதிரி இருந்தது. வெறியில் செய்தவற்றை மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்த காலம் அவனுக்கு நீண்ட காலம். தான் செய்யவில்லை என்று தன்னாலேயே சத்தியம் பண்ண முடியாத ஒரு மனிதன்.

"ஓம்," என்றான். "என்டதாத்தான் இரிக்கும். நான் மறுக்கல்ல."

ஹில்மி படித்த படிப்புக்கு அந்த இடத்தில் கைதட்ட வேண்டும். அவன் கைகூட எழும்பிற்று. பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டான்.

அன்று வசந்தாதேவிக்கு வந்த கோபம் பதினெட்டு வருசத்தில் வந்ததில்லை. குடிக்கவில்லை என்று பொய் சொன்ன ஆயிரம் பேரை அவள் பிடித்திருக்கிறாள். குடித்தேன் என்று பொய் சொல்கிற ஒருவனை அன்றுதான் கண்டாள். தட்டத்தை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து குழந்தையின் கையிலிருந்த போத்தலை வாங்கினாள். குலுக்கினாள். ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நுரை முத்து நிற்கவில்லை, மண்டிமாதிரிப் படிந்து ஓரத்தில் ஒட்டியது. மூடியைத் திறந்து மோந்தாள். ஒரு கணம் அவள் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பிற்று. போத்தலைத் தனுஷியாவிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாரு புள்ள."

தனுஷியா வேண்டாம் என்றாள். கசிப்பு விற்றவள் நீட்டுகிற எதையும் தான் வாயில் வைக்கப் போவதில்லை என்று, மரியாதையைக் குறைக்காமல் சொன்னாள். அது நியாயந்தானே. 

வசந்தாதேவி சுற்றிப் பார்த்தாள். வாசலோரம் ஒரு நீலக் கதிரை காலியாக இருந்தது. அதை இழுத்து, வட்டத்துக்குள் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி இருந்தாள். கதிரை கிறீச்சிட்டது. பெட்டிக்குள் கிடந்த பந்தைக் குழந்தையிடம் எடுத்துத் தரச்சொன்னாள்.

"இவன் என்ட வேலிக்கு முதல் வந்தது பதினைஞ்சு வயசில," என்றாள். "மேசன் ஒருத்தனுக்குக் கையாள். மேசன் குடிச்சான். இவன் கேக்கல்ல. சும்மா கைய வேலிக்குள்ள விட்டு வச்சிரிந்தான், நிழல் குளிர்மைக்கு. சீமெந்து தின்னு தோல் உரிஞ்ச கை. அரைக் கிளாஸ் ஊத்தி அந்தக் கையில வச்சது நான். குடி, எரிவு தெரியாது எண்டும் சொன்னன்."

யாரோ இருமினார்கள். அவள் நிறுத்தவில்லை.

"கைய மட்டுந்தான் கண்டன், சின்னப் பொடியன் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கு இரிந்தன். பொய். பிஞ்சுக் கை எண்டு தெரியும். எல்லாற்ற கையும் எனக்குத் தெரியும். நாளைக்கும் வருவான் எண்டுதான் குடுத்தன். வந்தான்."

ஒன்பது ஆண்பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். புதிதாகப் பூசிய சீமெந்து அவ்வளவு அழகு.

"இவன்ட கை எனக்குத் தெரியும் புள்ள," என்று தனுஷியாவைப் பார்த்துச் சொன்னாள். "குடிச்ச கையும் தெரியும், குடிக்காத கையும் தெரியும். இப்ப பாரு."

நிலோஜனின் கை இரண்டும் அவன் பக்கங்களில் தொங்கின. சீமெந்து வெள்ளை நகத்தில் இன்னும் இருந்தது. நடுக்கம் இல்லை. தனுஷியா அதைப் பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"தேத்தண்ணி," என்றாள். "இஞ்சி போட்டது. சீனி கூட."

இராசதுரை உடனே, தனக்கு முன்னமே தெரியும் என்றான்.

அதற்குப் பிறகு ஹில்மி பேசிய பேச்சை யாரும் கேட்கவில்லை. தனுஷியா போகுமுன் நிலோஜனிடம் நேராகச் சொல்லாமல், வசந்தாதேவியிடம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பகல் சோத்துக்கு வரட்டும். பின்னேரப் பாதையில திரும்பிரணும். படுக்கிற கதை பிறகு."

அவ்வளவுதான் பன்னிரண்டு சனிக்கிழமையின் விளைச்சல், ஒரு தட்டுச் சோறு. வசந்தாதேவி நீலக் கதிரையிலிருந்து எழும்ப இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒருவன் நிலோஜன். இடுப்பு வருத்தம் என்று அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று தெரிந்தது. பன்னிரண்டாவது மணியை அவள் டப்பாவுக்குள் போட்டாளா இல்லையா என்று தெரியாது.

அந்த ஒரு தட்டுச் சோறு இப்போது திங்கட்கிழமை காலைப் பிட்டுவரை நீண்டிருக்கிறது என்று கேள்வி. வட்டம் இன்னும் நடக்கிறது. போன மாதம் ஒருவன் விழுந்தான், திரும்ப வந்து இருந்தான். வசந்தாதேவி இப்போது ஒரு பெரிய கதிரையை வீட்டிலிருந்து கொண்டுவந்து வட்டத்துக்குள் போட்டு இருக்கிறாள். அதனால் எல்லாரையும்விட ஒரு முழம் உயரமாகத் தெரிகிறாள். அது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஆண்டு நிறைவுக்கு ஒரு மலர் போடவேண்டும் என்றும், அதில் வசந்தாதேவியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றும் ஹில்மி சொன்னான். கையெழுத்து அழகு என்ற ஒரே தகுதியில் அந்த வேலை விதுசாவின் தலையில் விழுந்தது. மேலே உள்ளதெல்லாம் அவள் எழுதியதுதான். எழுதி முடித்து, ஒரு சனிக்கிழமை வட்டம் தொடங்குமுன் வசந்தாதேவியின் குசினிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வசந்தாதேவி இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். கையைச் சீலையில் துடைத்துவிட்டு, வரிக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைய, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். மீன் கதவு தட்டுகிற இடத்தில் சிரிக்கவில்லை. பரல்கள் ஊர்வலம் போன இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். தன் மனசுக்குள் நினைத்தவை எல்லாம் விதுசாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். விதுசா கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"நல்லாத்தான் எழுதியிரிக்காய். ஊரில ஒருத்தரையும் மிச்சம் விடல்ல. கொப்பனப் பத்தின இடத்தில மட்டும் பகிடியக் காணல்ல."

விதுசா, அந்த இடத்தில் இடம் போதவில்லை என்று ஏதோ சொன்னாள்.

"ஓம் ஓம்," என்றாள் வசந்தாதேவி. தாளைத் திருப்பி, போத்தல் வருகிற பக்கத்தை எடுத்து, கால் கிடையாது என்ற வரியில் விரலை வைத்தாள். விரலை எடுக்கவில்லை.

"இஞ்சி இப்பிடித் தட்டி, ஏலக்காயும் போட்டு, இவ்வளவு சீனியும் கொட்டுறது இந்தக் குசினி மட்டுந்தான். அண்டைக்கு மோந்த உடன எனக்குத் தெரியும் ஆர் வச்சதெண்டு. ஹில்மித் தம்பி பந்தெடுக்கப் போய்ப் போத்தல எடுப்பார், எல்லாரும் சிரிப்பினம் எண்டு வச்சாய். அது பரவாயில்ல. மறுகா அவன் எழும்பி என்டது எண்டு சொன்ன நேரம், ஊரெல்லாம் கேக்கிற உன்ட வாய் எங்க போயிரிந்த?"

விதுசா பிளாஸ்க்கைப் பார்த்தாள். கோப்பைகளைப் பார்த்தாள். ஊரில் எல்லாருடைய கையைப் பற்றியும் எழுதியவளுக்குத் தன்னுடைய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வசந்தாதேவி பிளாஸ்க்கை மூடித் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

"இண்டைக்கு இதை நான் கொண்டாறன். நீ முன்னுக்குப் போ. மஞ்சள் கதிரையில இரி."